அடைப்பு நீங்கியது, அச்சம் நீங்கவில்லை

புது தில்லி:

எய்ம்ஸ் மருத்துவமனை வாசலில் மெட்ரோ ரயில் ஏறினால் புது தில்லி ரயில் நிலையத்துக்கு வண்டி மாறாமல் போய்ச் சேரலாம். இதய அறுவைச் சிகிச்சையையோ ஆஞ்சியோபிளாஸ்டியையோ முடித்துக்கொண்டு பிகாருக்கும், உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களுக்கும் திரும்புகிறவர்களில் பலருக்கு இதுவே வழி. அவர்களின் கையில் உள்ள பிளாஸ்டிக் உறைக்குள் பரிசோதனை முடிவுகளும் மாத்திரைச் சீட்டும் இருக்கும். சீட்டின் அடிப்பகுதியில், எண்ணெய், உப்பு, புகையிலை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லும் வரிகளுக்குப் பிறகு, தினமும் நடக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு தூரம், எந்த வேகம், நெஞ்சு படபடத்தால் என்ன செய்வது என்ற விவரங்களை அந்த ஒரு வரி சொல்வதில்லை. சொல்ல நேரமும் இல்லை. வரிசையில் அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

ஊர் திரும்பியவரைப் பார்க்க உறவினர்கள் வருகின்றனர். ஹிந்தியில் 'ஆராம்' என்ற சொல்லுக்கு ஓய்வு என்றும் பொருள், நோய் தணிந்து தேறிவிட்டது என்றும் பொருள். "இப்போது ஆராமா?" என்று நலம் விசாரிக்கிறவர்கள், விடைபெறும்போது "ஆராம் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகின்றனர். தேறுவதும் படுத்திருப்பதும் ஒன்றே என்ற எண்ணத்தை ஒரே சொல் வேரூன்றச் செய்துவிடுகிறது. தமிழில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. நடைமுறையில் பெரிய வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. மகன் கடைக்குப் போக விடமாட்டான்; மருமகள் குடத்தைத் தொட விடமாட்டாள். அக்கறைதான் காரணம். ஆனால், இதய நோய் மருத்துவத்தின் எழுபதாண்டு அனுபவம் இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது.

இந்தியாவில் 2018-ஆம் ஆண்டிலேயே ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சைகளின் எண்ணிக்கை 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் மருத்துவர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தபோது அது பெரும் செய்தி. இன்று மாவட்டத் தலைநகரங்களிலும் இதய சிகிச்சை மையங்கள் வந்துவிட்டன. சிகிச்சை பெருகிய வேகத்தில், சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு பெருகவில்லை.

கவனிப்பு எப்படி இருக்க முடியும் என்பதற்குத் தலைநகரிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2009 ஜனவரி 24-ஆம் தேதி, அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸ் மருத்துவமனையில் இரண்டாவது முறையாக பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அவருக்கு வயது 76. 1990-இல் பிரிட்டனில் ஏற்கெனவே ஒரு முறை பைபாஸ் செய்துகொண்டவர். மும்பையில் இருந்து வந்த ரமாகாந்த பாண்டா தலைமையிலான குழு ஐந்து மாற்றுக் குழாய்களைப் பொருத்தியது. அவர் ஓய்வில் இருந்த நாள்களில் அமைச்சரவைப் பணிகளைப் பிரணாப் முகர்ஜி கவனித்துக் கொண்டார். தேர்தல் நெருங்கிக் கொண்டிருந்ததால், பிரதமரால் இனி பணியாற்ற முடியுமா என்ற கேள்வி அரசியல் வட்டாரங்களில் எழுந்தது. சில வாரங்களில் அவர் அலுவலகம் திரும்பினார், தேர்தலைச் சந்தித்தார், மே 22-ஆம் தேதி மீண்டும் பிரதமராகப் பதவியேற்று, மேலும் ஐந்தாண்டுகள் ஆட்சி நடத்தினார். 2024 டிசம்பர் 26-ஆம் தேதி தனது 92-ஆவது வயதில் காலமானார். இரண்டாவது பைபாஸுக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 16 ஆண்டுகள்.

பிரதமருக்கு மருத்துவர் குழு உடன் இருந்தது. கயாவுக்கோ கோரக்பூருக்கோ திரும்பும் நோயாளிக்கு, அந்தச் சீட்டின் ஒரு வரி மட்டுமே துணை.

நாற்காலிப் புரட்சி: மாரடைப்பு வந்தவர் ஆறு வாரங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதே 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவ உலகின் விதி. உணவைக்கூட பிறர் ஊட்ட வேண்டும். புண்பட்ட இதயத் தசை ஆறுவதற்கு முன் அசைந்தால் அது கிழிந்துவிடும் என்று அஞ்சினர். படுத்தே கிடந்தவர்களின் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைந்து, அந்த உறைவு நுரையீரலில் போய் அடைத்துப் பலர் இறந்தனர். அந்த மரணங்களும் மாரடைப்பின் கணக்கிலேயே எழுதப்பட்டன.

1952-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சாமுவேல் லெவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுனும் இந்த விதியை மீறினர். நோயாளிகளைப் படுக்கையில் இருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தனர். செய்தது அவ்வளவே. மருத்துவமனையில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், உட்கார்ந்த நோயாளிகள் தேறினர். இதே லவுன்தான் பின்னாளில் அணு ஆயுத எதிர்ப்பு மருத்துவர்கள் அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அந்த அமைப்புக்கு 1985-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. உலகம் அவரை அதற்காகவே அதிகம் நினைவில் வைத்திருக்கிறது. நாற்காலியால் பிழைத்தவர்களும் அவர் கணக்கில் சேர வேண்டியவர்களே.

மூன்றாண்டுகள் கழித்து, 1955 செப்டம்பரில், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு டென்வர் நகரில் மாரடைப்பு ஏற்பட்டது. சிகிச்சையில் பங்கேற்ற பால் டட்லி ஒயிட், அதிபரின் உடல்நிலையை நாட்டு மக்களுக்கு ஒளிவுமறைவின்றி விளக்கினார். அதிபரைப் படிப்படியாக நடக்கவும் வேலை செய்யவும் ஊக்குவித்தார். 1956 தேர்தலில் ஐசன்ஹோவர் மீண்டும் வென்றார். மாரடைப்பு வந்தவரின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்ற பொதுக்கருத்தை அசைத்ததில் மருத்துவ இதழ்களைவிட அந்தத் தேர்தல் முடிவுக்குப் பங்கு அதிகம் இருக்கக்கூடும்.

அதற்கு முன்பே, 1953-இல், லண்டன் நகரப் பேருந்து ஊழியர்களிடம் ஜெரி மோரிஸ் நடத்திய ஆய்வு வெளியாகியிருந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று அது காட்டியது.

ஸ்டென்ட் செய்வதும் செய்யாததும்: மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர் காக்கும் சிகிச்சை. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், ஸ்டென்ட் வைத்த பிறகு நோய் போய்விட்டது என்று நினைப்பது தவறு. குழாயில் ஓரிடத்தில் இருந்த அடைப்பு விலக்கப்பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் கொழுப்புப் படியும் போக்கு அப்படியே இருக்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு 2004-இல் வெளியாகிப் பலரை வியக்க வைத்தது. நிலையான நெஞ்சுவலி உள்ள 101 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஸ்டென்ட் இல்லை. தினமும் 20 நிமிடம் நிலைமிதிவண்டி மிதிக்கச் சொன்னார்கள். ஓராண்டு முடிவில், இதயம் சார்ந்த புதிய பாதிப்பு ஏதும் இன்றி இருந்தவர்கள் மிதித்தவர்களில் 88 சதவீதம். ஸ்டென்ட் பெற்றவர்களில் 70 சதவீதம். சிறிய ஆய்வு என்பதால் இதை வைத்து ஸ்டென்டே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. எனினும், 37 நாடுகளில் 5,179 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வும், நோய் நிலையாக உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வதால் மரணமோ மாரடைப்போ குறைந்ததாகக் காணவில்லை. மாத்திரையும் வாழ்க்கை முறையும் தம் பங்கைச் செய்கின்றன என்பதே அதன் பொருள்.

சிகிச்சைக்குப் பிந்தைய பயிற்சியின் பயன் குறித்த சான்றுகள் ஏராளம். 85 ஆய்வுகளில் பங்கேற்ற 23,430 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை 2021-இல் வெளியானது. உடற்பயிற்சியை மையமாகக் கொண்ட இதய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மீண்டும் மாரடைப்பு வருவதும், மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்வதும் குறைகின்றன. நீண்ட காலம் கவனித்தபோது இதய நோய் மரணங்களும் குறைகின்றன என்று அது கூறுகிறது.

இந்தியர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53 என்றும், பிற பகுதி மக்களுக்கு ஏறத்தாழ 59 என்றும் 'இன்டர்ஹார்ட்' ஆய்வு கண்டறிந்தது. 53 வயது என்பது மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முடியாத வயது. மறுபடியும் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் குடும்பம் கடனில் விழும்.

15 நாள் கணக்கு: இதய நோயாளிகளுக்காக அரசு எதுவும் செய்யவில்லை என்று கூற முடியாது. தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்குரைஞர் தொடுத்த பொதுநல வழக்கைத் தொடர்ந்து, 2016-இல் ஸ்டென்டுகள் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்றும், சாதாரண உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்றும் உச்சவரம்பு விதித்தது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டுகள் லட்ச ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டு வந்தன. 2018 செப்டம்பர் 23-ஆம் தேதி ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸும் அதில் அடங்கும். 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த அனைவரும் அதில் சேர்க்கப்பட்டனர். நீண்ட அரசியல் இழுபறிக்குப் பிறகு 2025 ஏப்ரலில் தில்லியும் இத்திட்டத்தில் இணைந்தது.

இவை அனைத்தும் மருத்துவமனைக் கட்டிலோடு தொடர்புடையவை. மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில், வீடு திரும்பிய பிறகான செலவுகளுக்குப் பாதுகாப்பு 15 நாள்கள் வரை மட்டுமே. பைபாஸ் செய்துகொண்டவரின் நெஞ்செலும்பு கூடவே ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்; சிலருக்கு இன்னும் அதிகம். மறுவாழ்வுப் பயிற்சி பொதுவாக வீடு திரும்பிய சில வாரங்களில் தொடங்கி மூன்று மாதம் நீடிக்க வேண்டியது. அதாவது, காப்பீடு கணக்கை முடித்துக்கொள்ளும் நேரத்தில்தான் பயிற்சியே தொடங்க வேண்டியிருக்கிறது. அடைப்பை நீக்க லட்சக்கணக்கில் செலவிடும் அரசு, நீங்கிய அடைப்பு திரும்பி வராமல் தடுக்கும் மலிவான வழிக்குப் பணம் ஒதுக்கவில்லை.

பணம் ஒதுக்கினாலும் போக இடம் வேண்டும். உலக அளவில் நடந்த கணக்கெடுப்பின் இந்தியப் பகுதி 2020-இல் வெளியானது. இதயக் குழாய் நோய் உள்ள 360 பேருக்கு ஓர் இடம் என்ற அளவிலேயே இந்தியாவில் மறுவாழ்வுப் பயிற்சி மையங்கள் உள்ளன என்று அதில் தெரியவந்தது. இருக்கும் மையங்களும் பெருநகரங்களில், பெரும்பாலும் நோயாளியே பணம் கட்டும் இடங்களாக உள்ளன.

வசதி குறைந்தவர்களுக்கு இழப்பு இரட்டிப்பு. 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைக் கவனித்து 2008-இல் வெளியான 'கிரியேட்' ஆய்வில், கடும் இதய நோயோடு வந்த ஏழைகளில் 8.2 சதவீதத்தினர் 30 நாள்களுக்குள் இறந்தனர். வசதி படைத்தவர்களில் 5.5 சதவீதம். சிகிச்சையில் இருந்த வேறுபாடே இதற்குப் பெரும் காரணம் என்று ஆய்வாளர்கள் கூறினர். காப்பீட்டுத் திட்டங்கள் அந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கம் கொண்டவை. வீடு திரும்பிய பிறகு அதே இடைவெளி வேறு வடிவில் திறந்துகொள்கிறது.

பாயும் ஓர் அறையும்: மேலைநாட்டு மறுவாழ்வு மையங்களில் நடைப்பொறி, இதயத் துடிப்பைத் தொடர்ந்து காட்டும் கருவி, இயன்முறை மருத்துவர், உணவு ஆலோசகர் என்று பல வசதிகள் இருக்கும். இந்தியாவுக்கு ஏற்ற மலிவான மாற்று உண்டா என்ற கேள்வியோடு தில்லியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஒரு பெரிய முயற்சியில் இறங்கினர். இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையைச் சேர்ந்த இதய நோய் மருத்துவர் துரைராஜ் பிரபாகரனும், லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் சஞ்சய் கின்ராவும் இதற்குத் தலைமை தாங்கினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நிதி வழங்கின.

'யோகா-கேர்' என்ற இந்த ஆய்வில், மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 3,959 பேர் 24 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு 12 வாரங்களில் 13 வகுப்புகள். மென்மையான ஆசனங்கள், மூச்சுப் பயிற்சி, தியானம், உணவும் மாத்திரையும் பற்றிய கலந்துரையாடல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. பிறகு வீட்டிலேயே தொடர வேண்டும். மறு பாதியினருக்கு அறிவுரை வகுப்புகள் மட்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஓர் அறை, சில பாய்கள், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர் போதும்.

முடிவுகளை 2018-இல் சிகாகோ நகரில் நடந்த அமெரிக்க இதயச் சங்க மாநாட்டில் அறிவித்தனர். 2020-இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. யோகா மாரடைப்பைத் தடுக்கும் என்று அப்போது சில இடங்களில் தலைப்புச் செய்திகள் வந்தன. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், அவசர மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் யோகா பிரிவில் 6.7 சதவீதம், மற்ற பிரிவில் 7.4 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில் சிறியது. ஆனால், யோகா பிரிவினர் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். மாரடைப்புக்கு முன் செய்துவந்த வேலைகளுக்கு அவர்களே அதிகம் திரும்பினர்.

13 வகுப்புகளில் பத்துக்கும் குறையாமல் வந்தவர்களிடையே பாதிப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன என்பது ஆய்வின் மிக முக்கியமான தகவல். இதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒழுங்காக வகுப்புக்கு வருகிறவர்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களாகவும் இருக்கக்கூடும். பலன் யோகாவினால் மட்டும் வந்ததா என்று பிரித்துக் காண்பது கடினம். ஆயினும், வருவதற்கு ஒருவரைத் தூண்டுவது எது என்பதே விடை காண வேண்டிய கேள்வி என்பதை அது தெளிவாக்கிவிட்டது.

யோகாவுக்கு இங்கே அரசியல் ஆதரவுக்குப் பஞ்சமில்லை. 2015 ஜூன் 21-ஆம் தேதி முதல் சர்வதேச யோகா தினத்தில் தலைநகர் ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாக அமர்ந்து கின்னஸ் சாதனை படைத்தனர். 2019 ஆகஸ்ட் 29-ஆம் தேதி 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைப் பிரதமர் மோடி தில்லியில் தொடங்கி வைத்தார். ஆண்டுக்கு ஒரு நாள் விரியும் பாய்களில் நூற்றில் ஒரு பங்கு அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளில் நாள்தோறும் விரிந்தாலே பெரிய காரியம்தான்.

பணம் மட்டும் போதாது: அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான 'மெடிகேர்' 36 பயிற்சி அமர்வுகளுக்குப் பணம் தருகிறது. அப்படியும், தகுதி உள்ளவர்களில் நால்வரில் ஒருவரே பயிற்சிக்குப் போகின்றனர். ஆகவே காப்பீடு நீட்டிக்கப்பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கில்லை. தடையாக நிற்பது அச்சம்.

நெஞ்சைப் பிளந்து தைத்த தழும்பு உள்ளவருக்கு, படியேறும்போது வரும் சாதாரண மூச்சு வாங்கலே மறு மாரடைப்பாகத் தோன்றுகிறது. அவர் உட்கார்ந்துவிடுகிறார். உட்கார்ந்தே இருப்பதால் தசைகள் தளர்கின்றன. அடுத்த முறை பத்துப் படிகளுக்குப் பதில் ஐந்தாவது படியிலேயே மூச்சு வாங்குகிறது. பயந்தது சரி என்று அவர் உறுதி செய்துகொள்கிறார். மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது உண்டு. "நடங்கள்" என்று மருத்துவர் குரலை உயர்த்துவதால் இந்தச் சுழல் அறுபடாது. முதல் சில தடவை கூடவே ஒருவர் நடந்து, "இந்த மூச்சு வாங்கல் இயல்பானது, இது ஆபத்தானது" என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

அந்த ஒருவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 806 இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான 'ஸ்பிரெட்' ஆய்வு இதை நிரூபித்தது. மருத்துவர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியையும் குடும்பத்தாரையும் ஓராண்டுக் காலம் அவ்வப்போது சந்தித்தனர். மாத்திரை சாப்பிடுகிறாரா, நடக்கிறாரா, புகைப்பதை விட்டாரா என்று விசாரித்தனர். தடை என்ன என்று கேட்டுக் குறித்துக் கொண்டனர். ஓராண்டு முடிவில், மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிட்டவர்கள் இந்தப் பிரிவில் 97 சதவீதம்; மற்றவர்களில் 92. உடற்பயிற்சி செய்வதிலும் புகையிலையை விடுவதிலும் இருந்த வேறுபாடு இதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்து கேட்க ஓர் ஆள் இருப்பதே ஊக்கமாக அமைந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இன்னும் எளிய ஒரு வழியைச் சோதித்தனர். 710 இதய நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு வாரம் நான்கு குறுஞ்செய்திகள் வீதம் ஆறு மாதங்கள் அனுப்பினர். 2015-இல் வெளியான முடிவின்படி, செய்தி பெற்றவர்களின் உடலுழைப்பு கூடியது. கெட்ட கொழுப்பு குறைந்தது. புகைப்பவர்கள் 26 சதவீதமாகவும், செய்தி பெறாதவர்களில் 43 சதவீதமாகவும் இருந்தனர். வங்கிக் கடனுக்கும் கட்சிப் பிரசாரத்துக்கும் நாளெல்லாம் குறுஞ்செய்தி வரும் நாட்டில், இதற்கு மட்டும் தொழில்நுட்பம் போதவில்லை என்று காரணம் கூற இயலாது.

மூச்சு விட முடியாத தலைநகர்: நடக்கத் துணிந்தவருக்கும் தில்லி எளிதான ஊர் அல்ல. லோதி தோட்டத்திலும் நேரு பூங்காவிலும் விடியற்காலையில் நடப்பவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் முன்னாள் எம்.பி.க்களையும் காணலாம். நகரின் மறுபுறத்தில், அங்கீகரிக்கப்படாத குடியிருப்புகளின் சந்துகளில் நடைபாதையும் இல்லை, பூங்காவும் இல்லை. திறந்த சாக்கடைக்கும் இரு சக்கர வாகனங்களுக்கும் இடையே, நெஞ்சில் தையல் போட்டவர் எங்கே நடப்பது?

குளிர்காலத்தில் பூங்கா உள்ளவர்களுக்கும் இக்கட்டு. 2024 நவம்பர் 18-ஆம் தேதி தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. நான்காம் கட்டக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தன. 400-ஐத் தாண்டினாலே 'கடுமை' என்று பொருள். இத்தகைய நாள்களில் வேகமாக நடந்தால் நுண்துகள்கள் அதிக அளவில் உள்ளே போகின்றன. அவை இதயக் குழாய்களையும் தாக்குகின்றன. விடியற்காலைக் குளிரில் மாசு தரையோடு படிந்து நிற்கும். ரத்தக் குழாய்களும் சுருங்கும். காலையில் நடப்பதே சிறந்தது என்று வழிவழியாக வந்த அறிவுரை தில்லியின் டிசம்பருக்குப் பொருந்தாது. வெயில் ஏறிய பிறகு நடப்பது, மாசு மிகுந்த நாள்களில் வீட்டுக்குள்ளேயே நடப்பது, மே மாதத்தில் மாலைக்கு மாற்றிக்கொள்வது என்று ஊரின் பருவத்துக்கேற்ப அறிவுரையும் மாற வேண்டும்.

பெண்களின் நிலை தனிக் கதை. இந்திய வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2024-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். அதே ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுவதாகச் சொல்கிறது. பெண்களுக்கு வேலை இருக்கிறது; இதயத்துக்குப் பயன்தரும் வகையில் தொடர்ந்து அரை மணி நேரம் நடக்க அனுமதியும் இடமும் இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த பெண் பூங்காவுக்குப் போவதை "எதற்கு அலைச்சல்" என்று தடுக்கும் குடும்பம், நெஞ்செலும்பு கூடுவதற்கு முன்பே அவர் தண்ணீர் வாளியைத் தூக்குவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது. இரண்டில் எது ஆபத்து என்பதை வீட்டில் உள்ள ஆண்களையும் உட்கார வைத்து மருத்துவமனை சொல்லி அனுப்ப வேண்டும்.

சொல்ல வேண்டியவை நீளமானவையும் அல்ல. ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர், மருத்துவர் அனுமதித்தால், ஓரிரு நாள்களிலேயே மெதுவாக நடக்கலாம். பைபாஸ் செய்தவர் ஐந்து நிமிட நடையை நாளுக்குச் சில முறை என்று தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். எலும்பு கூடும் வரை கனமானதைத் தூக்கவோ தள்ளவோ கூடாது. நடந்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், அடங்காத மூச்சு வாங்கல் வந்தால் நின்றுவிட வேண்டும். அடங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாக நடக்கிறோம் என்பதற்காக ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை நிறுத்திவிடுவது பெரும் தவறு. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இவற்றைச் சொல்வதற்கு ஆளும் இடமும் ஓரளவு ஏற்கெனவே உள்ளன. 2018-இல் அறிவிக்கப்பட்டு இப்போது ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் மாற்றப்பட்ட நலவாழ்வு மையங்களின் பணிகளில் யோகா வகுப்பும் ஒன்று. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகப் போகின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டுக்கே செல்கின்றன. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. எய்ம்ஸிலோ, தில்லி ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ சிகிச்சை முடித்த ஒருவரின் விவரம் அவர் ஊர் நலவாழ்வு மையத்துக்குத் தெரிவிக்கப்பட்டு, அடுத்த வாரம் ஒரு சுகாதாரப் பணியாளர் அவர் வீட்டுக் கதவைத் தட்டும் ஏற்பாடுதான் இல்லை. காப்பீட்டு அட்டை எண்ணைக் கொண்டு, இணைந்துள்ள எந்த மருத்துவமனையிலும் நோயாளியை அடையாளம் காண முடிகிற திட்டத்துக்கு, இது இயலாத காரியம் அல்ல.

இப்போதைக்கு, புது தில்லி ரயில் நிலையத்தின் நடைமேடையில் சுமையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மேம்பாலப் படிகளை அண்ணாந்து பார்த்து நிற்கிறார் ஊர் திரும்பும் நோயாளி. ஏறலாமா, கூடாதா என்று அவரிடம் யாரும் சொல்லி அனுப்பவில்லை.